வழியில் ஒரு பண்ணை: ஆடு நம்மிடம் வரட்டும்

பிள்ளைகளை வைத்துக்கொண்டு நெடுந்தூரம் காரில் போகிறவர்களுக்குத் தெரியும், ஒரு கட்டத்துக்கு மேல் பின்சீட்டில் எந்தச் சமாதானமும் எடுபடாது. பாட்டு சலித்துவிடும், விளையாட்டு சண்டையில் முடியும், "இன்னும் எவ்வளவு தூரம்?" என்ற கேள்வி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வரும். எங்கள் வீட்டில் இதற்குக் கண்டுபிடித்த வழி, பயணத்தின் நடுவில் ஒரு கால்நடைப் பண்ணையைச் சேர்த்துக்கொள்வது. ஆட்டுக்குத் தழை கொடுக்கலாம், முயலைத் தடவலாம், பால் கறந்து பார்க்கலாம் என்று வருகிறவர்களை உள்ளே விடுகிற பண்ணைகள். அப்படிப் பல இடங்களில் நின்றிருக்கிறோம். சிலவற்றிலிருந்து பிள்ளைகளைக் கிளப்பிக் கொண்டுவர முடியவில்லை. சிலவற்றில் நுழைந்த வேகத்திலேயே திரும்பிவிட்டோம்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்ததில் எனக்கு ஒரே ஒரு அளவுகோல்தான் மிஞ்சியது. அங்கே இருக்கும் ஆடு நம்மை விட்டு விலகிப் போக நினைத்தால், போக முடிகிறதா? நல்ல பண்ணைகளில் பட்டிக்குள்ளேயே ஒரு மூலையைத் தடுத்து வைத்திருப்பார்கள். ஆடு நுழையலாம், மனிதர்கள் நுழையக்கூடாது. சலித்துப்போன ஆடு அங்கே போய்ப் படுத்துக்கொள்ளும், யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். இப்படி ஒரு மூலை இருந்தால், வெளியே வந்து நம் முன்னால் நிற்கிற ஆடு விருப்பத்தோடுதான் நிற்கிறது என்று நம்பலாம். விருப்பத்தோடு நிற்கிற ஆடு கடிக்காது, முட்டாது, மிரண்டு ஓடிக் குழந்தையைத் தள்ளிவிடாது. விலங்கு நலம் வேறு, நம் பாதுகாப்பு வேறு என்று பலர் பேசுகிறார்கள். பட்டிக்குள் நின்று பார்த்தால் அவை இரண்டும் ஒன்றுதான்.

அதனால் உள்ளே போனதும் முதல் சில நிமிடங்கள் எதையும் தொடுவதில்லை, சும்மா பார்ப்போம். தண்ணீர்த் தொட்டி சுத்தமாக இருக்கிறதா, நிழல் இருக்கிறதா, குளம்புகள் நீண்டு வளைந்து கிடக்கின்றனவா, கண்ணிலும் மூக்கிலும் ஒழுகுகிறதா, பின்பக்கம் கழிசல் அப்பிக்கொண்டிருக்கிறதா. பட்டிக்குள் பண்ணை ஆள் ஒருவர் நிற்கிறாரா. வெளியேறும் வழியில் குழாயும் சோப்பும் இருக்கின்றனவா. கடைசியாகச் சொன்னது இல்லாமல் வெறும் சானிட்டைசர் பாட்டிலை மட்டும் மாட்டிவைத்திருந்தால் நாங்கள் வண்டியைத் திருப்பிவிடுவோம். பிள்ளைகள் அழத்தான் செய்வார்கள், அழட்டும். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

எப்போது போகிறோம் என்பதும் முக்கியம். பண்ணை திறந்ததும் போய்விடுவது நல்லது. காலையில் ஆடுகளுக்குப் பசி இருக்கும், வேலிப்பக்கம் தானாக வரும். மதியத்துக்குள் அன்றைக்கு வந்தவர்கள் எல்லாரும் ஊட்டிவிட்டுப் போயிருப்பார்கள். வயிறு நிறைந்தவை ஒரு பக்கமாகப் படுத்து அசைபோட ஆரம்பித்துவிடும். மாடு என்றால் ஒரு நாளில் எட்டு மணி நேரம் வரைகூட அசைபோடும். அந்த நேரத்தில் முகத்துக்கு நேரே தழையை நீட்டினால் அது திரும்பிக்கூடப் பார்க்காது. "நான் கொடுத்தால் மட்டும் சாப்பிட மாட்டேங்குது" என்று குழந்தை முகம் வாடும். கிளம்புவதற்கு முன் ஒரு தடவை தொலைபேசியில் கேட்டுவிடுவதும் நல்லது. கால்நடை நோய் பரவும் காலங்களில் முன்னறிவிப்பில்லாமல் மூடிவிடுவார்கள்.

உடை விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். மூடிய காலணி வேண்டும். தொங்குகிற காதணி, கயிறு வைத்த சட்டை எதுவும் வேண்டாம். மாற்றுத்துணி பையின் மேலேயே இருக்கட்டும். டிக்கியில் எல்லாப் பெட்டிக்கும் அடியில் இருக்கிற மாற்றுத்துணி இருந்தும் இல்லாததுதான்.

சரி, ஆடுகளுக்கு வருவோம். எந்தப் பண்ணையிலும் கதாநாயகர்கள் வெள்ளாடுகள்தான். கூச்சம் கிடையாது, எதையும் வாயில் வைத்துப் பார்க்கும். என் அம்மா சின்ன வயதில் ஆடு வளர்த்தவர். பட்டிக்குள் போனதும் பேரப்பிள்ளைகளிடம் அவர் முதலில் சொல்வது, "நெற்றியில கை வச்சுத் தள்ளாதே." குட்டி தலையை நீட்டினால் நெற்றியில் கையை வைத்துத் தள்ளி விளையாடத்தான் எல்லாருக்கும் தோன்றும். ஆட்டுக்கு அது சண்டைக்கு அழைப்பு. தள்ளத் தள்ள அதுவும் முட்டிப் பழகும். குட்டியாக இருக்கும்போது வேடிக்கையாக இருக்கிற அந்தப் பழக்கம், கொம்பு வளர்ந்து கிடாவானதும் அடுத்து வருகிற யாருடைய முழங்காலையோ பதம் பார்க்கும். கழுத்தோரம், தோள்பட்டை, முதுகு இவற்றைத் தடவினால் ஆட்டுக்கும் பிடிக்கும்.

ஆட்டின் கண்மணி படுக்கைவாட்டில் கோடுபோல இருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அதனால்தான் தலையைத் திருப்பாமலே இரண்டு பக்கமும் வெகுதூரம் பின்னால் வரை அதனால் பார்க்க முடிகிறது. நாம் ஓசைப்படாமல் பின்னாலிருந்து போவதாக நினைத்துக்கொண்டிருப்போம், அது ஏற்கெனவே பார்த்திருக்கும். என் மகனுக்கு இது ஒரு விளையாட்டாகிவிட்டது. எந்த இடத்தில் நின்றால் ஆடு தன்னைப் பார்க்காது என்று சுற்றிச் சுற்றித் தேடுவான். இன்னொன்று, ஆட்டுக்கும் மாட்டுக்கும் மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது, அங்கே கெட்டியான ஈறுதான். உள்ளங்கையிலிருந்து தீவனத்தை எடுக்கும்போது உதடுதான் படும், வலிக்காது. ஆனால் கடைவாய்ப் பற்கள் அரைக்கிற பற்கள், கூர்மையானவை. வாய்க்குள் விரலை விடுகிற சோதனைக்கு அனுமதியில்லை என்று முன்பே சொல்லிவிட வேண்டும்.

ஊட்டும் முறை எளியது. விரல்களைச் சேர்த்துக் கையைத் தட்டையாக விரித்து, கட்டைவிரலை ஒட்டிவைத்து, நடுவில் தீவனத்தை வைத்து நீட்ட வேண்டும். குதிரைக்கு இது கட்டாயம், ஏனென்றால் அதற்கு மேலும் கீழும் பல் உண்டு, விரலா கேரட்டா என்று பார்த்துக் கடிக்காது. ஆட்டுப்பட்டியில் தீவனக் கோப்பையைக் குழந்தை கையில் கொடுத்து உள்ளே அனுப்புவது நல்ல யோசனையில்லை. ஒருமுறை ஒரு அப்பா, மகனைப் படம் பிடிக்க ஆசைப்பட்டுக் கோப்பையோடு நடுவில் நிறுத்திவிட்டு வேலிக்கு வெளியே போனார். அவர் கைப்பேசியைத் தூக்குவதற்குள் பையனைச் சுற்றி ஆடுகள், ஒன்று பின்னங்காலில் எழுந்து அவன் தோளில் முன்னங்கால்களை வைத்துவிட்டது. தீவனம் போச்சு, கோப்பையும் பாதி போச்சு. கோப்பை பெரியவர் கையில் இருக்கட்டும், குழந்தை கையில் ஒவ்வொரு பிடியாகக் கொடுங்கள், பட்டிக்கு வெளியே வேலியோரம் நின்று ஆரம்பியுங்கள். இதைச் சொன்னால் பயந்தாங்கொள்ளி என்பார்கள், இருந்துவிட்டுப் போகிறேன்.

என்ன ஊட்டுகிறோம் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. காரில் மிச்சமிருக்கும் ரொட்டியையும் பிஸ்கட்டையும் "பாவம், சாப்பிடட்டும்" என்று போடுகிறவர்களை ஒவ்வொரு பண்ணையிலும் பார்க்கிறேன். அசைபோடும் விலங்குகளின் முதல் வயிறு நுண்ணுயிர்கள் நிறைந்த ஒரு நொதிக்கிற தொட்டி. புல்லையும் வைக்கோலையும் மெதுவாக நொதிக்கவைத்துப் பழகியது அது. திடீரென்று ரொட்டி, தானியம் போன்ற மாவுப்பொருள் நிறைய உள்ளே போனால் நொதித்தல் வேகமாகி அமிலம் ஏறும், வயிறு உப்பிக்கொள்ளும், விலங்கு செத்தும் போகலாம். ஒருவர் கொடுக்கிற ஒரு துண்டு ஒன்றும் செய்யாதுதான். ஆனால் அன்றைக்கு வந்த எல்லாரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். செம்மறியாடு இன்னும் நுட்பமானது. வெள்ளாட்டுக்குச் சத்தாக இருக்கும் அளவு தாமிரம் செம்மறிக்கு நாளடைவில் விஷமாகிவிடும், அதன் ஈரலில் அது சேர்ந்துகொண்டே போகும். அதனால் ஒரு பட்டித் தீவனத்தை இன்னொரு பட்டிக்குக் கொண்டுபோக வேண்டாம். கேட்டு வாங்கி, சொன்ன இடத்தில் கொடுத்தால் போதும்.

முயல்களைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கடுமையான கருத்து உண்டு. தூக்கி மடியில் வைத்துப் படம் எடுக்கிற முயல்களைப் பார்த்தால் எனக்குச் சங்கடமாக இருக்கும். முயல் இரையாகிற விலங்கு. அதைத் தரையிலிருந்து தூக்கும்போது, கழுகோ நரியோ தூக்குகிற மாதிரிதான் அதன் உடம்பு எடுத்துக்கொள்ளும். பயத்தில் பின்னங்கால்களை உதைக்கும். அந்த உதை அதன் தசைக்கு இருக்கிற பலத்தில் அதன் முதுகெலும்பையே முறித்துவிடலாம். மல்லாக்கப் படுக்கவைத்தால் அசையாமல் கிடக்கும், "பாருங்க, தூங்கிடுச்சு" என்று சிலர் காட்டுவார்கள். அது தூக்கமில்லை, பயத்தில் உறைந்துபோவது. முயலுக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மடியில் ஒரு கீரையை வைத்துக் காத்திருக்கச் சொல்கிற பண்ணைதான் எனக்குப் பிடித்த பண்ணை. என் மகள் அப்படி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்த பிள்ளைகள் பொறுமையிழந்து எழுந்து போனார்கள். இவளிடம் ஒன்று வந்து முகர்ந்தது, போனது, திரும்ப வந்து அவள் முழங்கால்மேல் கால் வைத்துக் கீரையை இழுத்தது. மீதிப் பயணம் முழுக்க அதே பேச்சுதான். தூக்கி எடுத்த படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை.

கோழிக்குஞ்சு, வாத்துக்குஞ்சு விஷயத்தில் சின்னக் குழந்தைகளைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்க்க வேண்டும். அவை பார்க்க நன்றாக இருந்தாலும் உடம்பில் சால்மோனெல்லா என்கிற வயிற்றுநோய்க் கிருமி இருக்கலாம். குஞ்சை முகத்தோடு வைத்து முத்தம் கொடுப்பது குழந்தைக்கு இயல்பு, அதைத் தடுப்பது நம் வேலை. கன்றுக்குட்டியிடம் விரலைக் கொடுத்துச் சப்பவிடுவதும் அப்படித்தான். அந்தச் சொரசொரப்பான நாக்கு பிள்ளைகளுக்குப் பெரிய குதூகலம், மறுக்கவில்லை. ஆனால் கிரிப்டோஸ்போரிடியம் என்கிற வயிற்றுப்போக்குக் கிருமி அதிகம் இருப்பது பால்குடிக் கன்றுகளிடம்தான். சப்பவிட்டால் உடனே குழாய்க்குப் போக வேண்டும், அடுத்த பட்டிக்குப் போய்விட்டு வரலாம் என்று தள்ளிப்போடக் கூடாது.

குதிரைக்கும் கழுதைக்கும் நேர் பின்னால் நிற்கக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். நெற்றிக்கு நேர் முன்னாலும் குதிரைக்குக் கண் தெரியாத ஒரு சின்ன இடம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. நேரே போய் மூக்கைத் தொடாமல், பேசிக்கொண்டே பக்கவாட்டில் போய்த் தோளைத் தொடுங்கள். காதைப் பின்னால் மடித்து வைத்திருந்தால் அன்றைக்கு அதற்கு மனம் சரியில்லை, விட்டுவிடுங்கள். கழுதை அசையாமல் நின்றால் பிடிவாதம் என்று சிரிக்கிறோம். பயந்தால் ஓடாமல் நின்று நிதானிப்பது அதன் சுபாவம்.

லாமா, அல்பாக்கா என்கிற தென்னமெரிக்க ஒட்டக இன விலங்குகள் உள்ள பண்ணைக்குப் போனால் தலையைத் தடவ முயல வேண்டாம், அவற்றுக்கு அது பிடிக்காது. காதை மடித்து முகவாயைத் தூக்கினால் துப்பப் போகிறது என்று அர்த்தம், அந்தத் துப்பலில் பாதி செரித்த புல்லும் வரும். ஆண் லாமாக் குட்டிக்கு வருகிறவர்கள் எல்லாரும் புட்டிப்பால் கொடுக்க விடுகிற பண்ணையில் எனக்கு நம்பிக்கை குறைவு. தன் இனத்தோடு சேராமல் மனிதர் கையிலேயே வளரும் ஆண் குட்டி, பெரிதானதும் மனிதரையே தன் போட்டியாளராக நினைத்துத் தாக்கலாம்.

பால் கறப்பது தனி இன்பம். முதல் தடவை எல்லாரும் காம்பைப் பிடித்து இழுப்பார்கள், ஒரு சொட்டும் வராது. கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் காம்பின் மேற்பகுதியை அடைத்துக்கொள்ள வேண்டும், உள்ளே இறங்கிய பால் மடிக்குத் திரும்பாமல் இருக்க. அப்புறம் நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரல் என்று மேலிருந்து கீழாக வரிசையாக அழுத்த வேண்டும். பசுவுக்கு நான்கு காம்பு, ஆட்டுக்கு இரண்டு. மடியைத் துடைத்து நீவிவிட்டதும் பால் உடனே சுரக்காது, கொஞ்சம் காத்திருக்க வேண்டும். அம்மா கறந்தபோது பாத்திரத்தில் விழுந்த சத்தமே வேறு, நாங்கள் கறந்தது தூறல்தான். கறந்த பாலை அங்கேயே குடிக்கச் சொல்லி அன்போடு நீட்டுவார்கள், வாங்க வேண்டாம். மடியிலிருந்து வந்த பால் சுத்தம் என்கிற நம்பிக்கையில் அந்தக் காலத்திலேயே பலர் நோயில் படுத்திருக்கிறார்கள். காய்ச்சியோ, 72 டிகிரி செல்சியஸில் 15 வினாடி சூடாக்கிப் பதப்படுத்தியோ தந்தால் தாராளமாகக் குடிக்கலாம்.

இப்போது கை கழுவும் கதை. 2009இல் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் இப்படிப்பட்ட ஒரு பண்ணைக்குப் போய்வந்ததைத் தொடர்ந்து 93 பேருக்கு ஈ.கோலை ஓ157 தொற்றியது, பெரும்பாலும் சின்னக் குழந்தைகள். சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. இந்தக் கிருமி மாட்டையும் ஆட்டையும் ஒன்றும் செய்யாது, நோயே இல்லாமல் சாணத்தில் வந்துகொண்டிருக்கும். நூற்றுக்கும் குறைவான கிருமிகள் வாய்க்குள் போனாலே மனிதருக்கு நோய் வரப் போதும். அதனால் விலங்கைத் தொடவே இல்லை, வேலியை மட்டும்தான் பிடித்தேன் என்பதில் பாதுகாப்பு இல்லை. வேலியை ஆடு நக்கியிருக்கும்.

சோப்பும் ஓடுகிற தண்ணீரும் மட்டுமே நம்பத்தக்கவை. விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு வரை 20 வினாடியாவது தேய்க்க வேண்டும். சானிட்டைசர் கிரிப்டோஸ்போரிடியத்தை ஒன்றும் செய்யாது, அழுக்கேறிய கையில் மற்றக் கிருமிகளிடமும் அதன் வேலை அரைகுறைதான். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையைத் தனியாகக் கழுவவிட்டால் தண்ணீரில் காட்டிவிட்டு ஓடிவரும், நாமே பிடித்துக் கழுவ வேண்டும். சூப்பான், பால்புட்டி, தின்பண்டம் எல்லாம் காரிலேயே இருக்கட்டும். பட்டிக்குள் வாயில் எதுவும் போகக் கூடாது, கட்டைவிரல் உட்பட. கர்ப்பிணிகள் ஈன்ற ஆட்டையும் புதுக்குட்டிகளையும் நெருங்க வேண்டாம். ஆட்டில் கருச்சிதைவை உண்டாக்கும் சில கிருமிகள் மனிதக் கருவையும் பாதிக்கும். விலங்கு யாரையாவது கடித்துவிட்டால் சோப்பும் தண்ணீரும் வைத்துக் காயத்தை 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்று வண்டியைக் கிளப்பக் கூடாது.

கார்ப் பயணத்துக்கே உரிய சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. கையைக் கழுவிவிட்டு வந்து, சாணம் மிதித்த காலணியைக் கழற்ற அதே கையால் பிடிக்கிறோம். அப்புறம் ஸ்டீயரிங், கைப்பேசி, பிஸ்கட் பொட்டலம். நாங்கள் பின்பற்றும் வரிசை இது: கார் அருகே வந்ததும் முதலில் காலணியைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டுவது, தள்ளுவண்டி இருந்தால் அதன் சக்கரங்களைத் துடைப்பது, தேவையானால் உடை மாற்றுவது, அதற்குப் பிறகு மறுபடி கை கழுவுவது, அப்புறம்தான் தின்பண்டப் பை திறக்கும். பட்டிக்குள் எடுத்துப்போயிருந்த கைப்பேசியையும் துடைத்துவிட வேண்டும், அதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். இதற்காக ஒரு கேன் தண்ணீரும் சோப்பும் எப்போதும் டிக்கியில் கிடக்கும்.

அதே பயணத்தில் இன்னொரு பண்ணைக்கும் போவதாக இருந்தால், காலணியையும் டயரையும் நன்றாகக் கழுவிக் காயவிட்ட பிறகே போங்கள். இது அந்தப் பண்ணையின் விலங்குகளுக்காக. கோமாரி நோய்க் கிருமி மண்ணிலும் உடையிலும் சக்கரத்திலும் ஒட்டிக்கொண்டு ஊர் விட்டு ஊர் போகும். 2001இல் பிரிட்டனில் அது பரவியபோது 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொல்ல வேண்டியதாயிற்று.

பண்ணைக்குப் போய்வந்த பிறகு பத்து நாள் வரை பிள்ளைகளின் வயிற்றைக் கவனியுங்கள். ஈ.கோலைக்கு அறிகுறி தெரிய மூன்று நான்கு நாள் ஆகும், கிரிப்டோஸ்போரிடியத்துக்கு ஒரு வாரம். அதற்குள் நாம் நான்கு ஊர் தள்ளிப் போயிருப்போம், பண்ணை நினைவிலேயே இருக்காது, நேற்று ஹோட்டலில் சாப்பிட்டதைத்தான் சந்தேகப்படுவோம். வயிற்றுப்போக்கில் ரத்தம் தெரிந்தாலோ, குழந்தை வெளிறிப்போய் சிறுநீர் குறைந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போய், கேட்காவிட்டாலும் பண்ணைக்குப் போன தேதியைச் சொல்லுங்கள். அவர் பார்ப்பதற்கு முன்னால், வயிற்றுப்போக்கை நிறுத்துகிற மாத்திரையோ மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக்கோ நீங்களாகக் கொடுக்காதீர்கள். ஓ157 தொற்றில் அவை நிலைமையை மோசமாக்கலாம்.